கடைசிக் கட்டிலில் தொடங்குகிறவர்

நைட் டியூட்டி முடிந்தால் நர்ஸுகளுக்கு வேண்டியது தூக்கம் ஒன்றுதான். அக்காவும் தூங்குவார். போனை அணைத்துவிட்டு ஒரு பகலும் ஓர் இரவும் அடித்துப் போட்டாற்போலத் தூங்குவார். மறுநாள் விடியும்போது போடி பஸ் ஸ்டாண்டில் குரங்கணி வண்டிக்கு நின்றுகொண்டிருப்பார். தோளில் ஒரு காக்கிப் பை, கழுத்தில் துண்டு, காலில் கேன்வாஸ் ஷூ. “தூங்காம மலைக்கு வந்தா நானும் ஒரு பேஷண்ட்டு, தூங்கிட்டு வந்தாத்தான் நர்ஸு” என்பார்.

தேனிப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் மெடிக்கல் வார்டில் பல வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவர். மூளைக் கட்டியால் 2023-இல் காலமானார். பெயர் போட வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். வார்டிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நோயாளிகளுக்கு சிஸ்டர், எங்களுக்கு அக்கா. 2015-இல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வார்டு பழக்கியவர் அவர்தான். மலை பழக்கியதும் அவர்தான்.

அஞ்சலி என்று உட்கார்ந்தாலே ‘சேவையின் மறு உருவம்’ என்று எழுத வந்துவிடுகிறது. அக்கா அதைப் படித்தால் சிரித்துவிடுவார். அவரிடம் பார்த்து, பிறகு நானும் செய்து பலன் கண்டவற்றை மட்டும் எழுதுகிறேன். நர்ஸுகளுக்கும் உதவும், மலை ஏறுகிறவர்களுக்கும் உதவும்.

முதலில் வார்டு. கட்டில் நிரம்பினால் தரையில் பாய் போட்டுத்தான் படுக்க வைப்போம். ரவுண்ட்ஸ் எப்போதும் முதல் கட்டிலில் தொடங்கி, பாத்ரூம் பக்கத்துப் பாயில் போய் முடியும். அங்கே வந்து சேர்வதற்குள் எல்லோருக்கும் இடுப்பு விட்டுப்போயிருக்கும். அக்கா டியூட்டி ஏற்றதும் நேரே அந்தக் கடைசிப் பாய்க்குத்தான் போவார். அங்கிருந்து பின்னோக்கி வருவார். “டாக்டர் முன்னாடியிருந்து வர்றாரு, நாமளும் முன்னாடியிருந்தே போனா கடைசி ஆளுக்கு ரெண்டு பேரும் களைச்சுத்தான் போவோம்.” இதைவிடப் பெரிய விளக்கம் எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு நாள் நடுச்சாமத்தில் அப்படித்தான், காய்ச்சல் என்று சேர்ந்த ஒரு தாத்தாவின் பாயருகே குந்தினார். தாத்தா சத்தமே போடாத ஆள். “தண்ணி வேணுமா ஐயா?” என்றால் வேண்டாம் என்று தலையாட்டுவார். அக்கா போர்வையை விலக்கிப் பாதத்தைப் பிடித்தார். உடம்பு கொதிக்கிறது, பாதம் சில்லென்று இருக்கிறது. கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பிடித்து விட்டார். வெளுத்த நகம் சிவக்கவேயில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே என்னைப் பார்த்தார். இரண்டு விநாடியில் நிறம் திரும்பிவிட வேண்டும். பி.பி. பார்த்தால் மிகவும் கீழே. கிருமி ரத்தத்தில் கலந்து அதிர்ச்சி நிலைக்குப் போய்க்கொண்டிருந்தார் தாத்தா. அந்த நேரத்தில் பிடித்ததால் ஐ.எம்.சி.யு. என்கிற தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றி மீட்க முடிந்தது. அன்றிலிருந்து, முனகுகிறவர்களைவிடச் சத்தம் போடாதவர்களின் பாதத்தை முதலில் தொடுவது எனக்கும் பழக்கமாகிவிட்டது. வீட்டில் வயதானவர்களுக்குக் காய்ச்சல் என்றாலும் இதைச் செய்து பாருங்கள். உடம்பு சுட்டு, கைகால் சில்லிட்டு, பேச்சு தடுமாறினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இதே அக்கா மலையில் கடைசியாகத்தான் நடப்பார். அவர் வேகத்துக்கு எல்லோரையும் முந்திப் போயிருக்கலாம். வனத்துறை அனுமதி வாங்கி, ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, குரங்கணியிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக டாப் ஸ்டேஷன் ஏறுவோம். இந்த ‘ஸ்டேஷன்’கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் அக்கா குஷியாகிவிடுவார். அந்தக் காலத்தில் மூணாறுத் தேயிலை சின்ன ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வரும், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கி மலையடிவாரத்துக்கு இறங்கும், அப்புறம் போடிக்குப் போகும். 1924 வெள்ளத்தில் ரயில் பாதை அடித்துக்கொண்டு போய்விட்டது, பெயர் மட்டும் மிச்சம். ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறவர்களுக்குத்தான் இந்தக் கதையைச் சொல்வார். கேட்கிற சாக்கில் அவர்கள் நின்று கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

கூட்டமாக நடக்கும்போது ஒரு அநியாயம் நடக்கும். வேகமாகப் போனவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து ஓய்வெடுப்பார்கள். மெதுவாக வருகிறவர் அங்கே வந்து சேர்ந்ததும், “சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்” என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. அக்காவின் சட்டம்: கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு நேரம் கணக்கு. மெதுவாக நடப்பவரை வழிகாட்டிக்கு அடுத்தபடியாக முன்னால் விடுவார். மற்றவர்கள் தானாக அந்த வேகத்துக்கு வந்துவிடுவார்கள். முதலில் இளவட்டங்கள் முணுமுணுக்கும். மதியத்துக்கு மேல் முணுமுணுக்க அவர்களிடமும் மூச்சு இருக்காது.

அந்தக் காக்கிப் பையில் பாதி மருந்துக்கடைதான். ஓ.ஆர்.எஸ். பாக்கெட், கிரேப் பேண்டேஜ், கத்தரிக்கோல், விசில், மைக்ரோபோர் என்கிற காகித டேப். வார்டில் இருந்து ஒரு பஞ்சு உருண்டைகூட எடுக்க மாட்டார், எல்லாம் சொந்தக் காசு. டேப்பை நடக்கத் தொடங்கும் முன்பே குதிகாலிலும் சுண்டுவிரல் ஓரத்திலும் ஒட்டிவிடச் சொல்வார். கொப்புளம் வந்த பிறகு ஒட்டி என்ன பயன் என்பார். பிற்பாடு படித்தேன், நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்குக் காகித டேப் ஒட்டி ஆய்வே செய்திருக்கிறார்கள், கொப்புளம் குறைகிறதாம். அக்காவுக்கு இதைச் சொல்லியிருந்தால், “டிரிப் ஒட்டுற டேப்புக்கு இவ்வளவு மரியாதையா” என்றிருப்பார்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கறார். வியர்த்துக் கொட்டும்போது வெறும் தண்ணீரை மடக்கு மடக்கென்று குடித்துக்கொண்டே போனால் உடம்பில் உப்பு நீர்த்துப்போய்த் தலைசுற்றல், குமட்டல் வரும். ஓ.ஆர்.எஸ். இல்லையா, ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கண்ணளவு கூடாது, உப்பு கூடினால் ஆபத்து. ஒரு பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தம்ளரில் கலக்குகிறவர்களைக் கண்டால் அக்காவுக்குக் கோபம் வரும். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும்.

அட்டை கடித்தால் பிய்த்து எறியாமல், நகத்தை அதன் வாய்ப்பக்கம் தோலோடு ஒட்டி நகர்த்தினால் விட்டுவிடும். ரத்தம் நிற்காமல் வரும், பயப்பட வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்திவிட்டுப் போயிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, அழுத்திப் பிடித்தால் போதும். கணுக்கால் பிசகினால் கிரேப் பேண்டேஜை விரல் பக்கமிருந்து மேல்நோக்கிச் சுற்றுவார், சுற்றி முடித்ததும் அதே நகச் சோதனை. நகம் சிவக்கத் தாமதமானால் கட்டு இறுக்கம், அவிழ்த்து மறுபடி சுற்ற வேண்டும்.

பாம்புக்கடி பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், எங்கள் வார்டில் அது அடிக்கடி வரும். ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஒரு பையன் விடிகாலையில் வயிற்றுவலி, வாந்தி என்று வந்தான். கூட வந்தவர்கள் ராத்திரி சாப்பிட்ட பரோட்டாக் கடையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். டிரிப் ஏற்றும் வென்ஃப்ளான் ஊசி போடக் குனிந்த அக்கா அவன் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

“தம்பி, மேல பாரு. இன்னும் மேல.”

கண் மேலே போனது, இமை பாதியிலேயே நின்றது.

“ராத்திரி எங்க படுத்த?”

“ஷெட்டுல, தரையில.”

அக்கா டியூட்டி டாக்டரைத் தேடி ஓடினார். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலி பெரிதாகத் தெரியாது, பல் தடம்கூடப் பல நேரம் இருக்காது. வயிற்றுவலியில் தொடங்கி, இமை தொங்கி, விழுங்க முடியாமல் போய், கடைசியில் மூச்சு நின்றுவிடும். பையனுக்கு விஷமுறிவு மருந்து ஏற்றி, வென்டிலேட்டரில் வைத்தோம். பிழைத்து நடந்து வீட்டுக்குப் போனான். காட்டோரம், தோட்டத்து வீடு எங்கே தங்கினாலும் கட்டிலில் படுங்கள். முடியாவிட்டால் கொசுவலையைக் கட்டி ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். கொசுவோடு பாம்பையும் அது தடுக்கும்.

கண்ணாடி விரியன் கடி வேறு மாதிரி. ரத்தம் உறையும் தன்மை போய்விடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. கொஞ்சம் ரத்தத்தை, சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். அக்கா அந்தக் குழாயை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, யாரும் தொடாதபடி பக்கத்திலேயே நிற்பார். சாய்த்ததும் ரத்தம் தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் அவருக்கு மனசே ஆறாது. கட்டினால் விஷம் நிற்காது, காலுக்குத்தான் கேடு. கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் அசையாமல் கட்டை வைத்துத் துணியால் சுற்றி, ஆளை நடக்கவிடாமல் 108-க்குச் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் போடும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் உரியது. மலையில் புதருக்குள் இருக்கும் மூங்கில் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. அதனால் மலையில் கிளையைப் பிடித்து ஏறும்முன் அந்தக் கிளையைப் பார்த்துப் பிடி என்பார் அக்கா. இந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருகிறவர்களில் முக்கியமானவர்கள் சென்னையை ஒட்டிய வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். குப்பியை உடைக்கும்போது சில நாள் அதையும் நினைவுபடுத்துவார்.

2018 மார்ச் 11 குரங்கணித் தீ. அது அக்காவுக்குப் பழகிய மலை, பழகிய பாதை. அவர் மாசி, பங்குனியில் அங்கே ஏறவே மாட்டார். புல் சருகாகக் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். அன்று மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள், பெரும்பாலும் இளம் வயது. காயம்பட்டவர்களைப் போடி, தேனி, மதுரை என்று கொண்டுபோனார்கள். லீவில் இருந்த அக்கா, யாரும் கூப்பிடாமலே சீருடை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

பெரிய தீக்காயம் பட்டவர்கள் முதல் சில மணி நேரம் நினைவோடு நன்றாகவே பேசுவார்கள். தாகம் தாகம் என்பார்கள். முகம் வீங்க வீங்க, பெற்றவர்களுக்கே அடையாளம் தெரியாமல் போய்விடும். அக்கா ஒவ்வொருவரிடமும் பெயர், ஊர், அம்மாவின் போன் நம்பர் மூன்றையும் கேட்டு, டேப்பில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிப் போர்வையில் ஒட்டிக்கொண்டே போனார். நரம்பு கிடைக்காத கைகளை விட்டுவிட்டுப் பாதத்தில் ஊசி போட்டார். அந்த ராத்திரியைப் பற்றி அவர் அப்புறம் அதிகம் பேசவில்லை. மலைக்குப் போவதையும் நிறுத்தவில்லை. ஆனால் அதற்குப் பின் எந்தக் கூட்டத்தோடு போனாலும் அனுமதிக் கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்துப் பார்த்த பிறகுதான் வண்டியிலிருந்து இறங்குவார்.

காட்டுத்தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். மேலே உள்ள புல்லை அதன் சூடே காயவைத்துவிடும். தீ கீழே இருந்தால் மேல்நோக்கி ஓடி அதை முந்த முடியாது. பக்கவாட்டில் விலகி வெறும் பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து அடங்கிய நிலத்துக்கோ போக வேண்டும். புல் மண்டிய பள்ளத்தில் பதுங்கக் கூடாது. நைலான், பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும், பருத்தி மேல். தீக்காயத்துக்கு எங்கே என்றாலும் முதல் மருந்து ஓடும் குளிர்ந்த தண்ணீர், 20 நிமிடம். ஐஸ் வேண்டாம். வளையல், மோதிரத்தை வீக்கம் வருமுன் கழற்றிவிட வேண்டும். இட்லி மாவு, பேனா மை, டூத் பேஸ்ட் எதையும் பூசக் கூடாது. பூசிய மாவைச் சுரண்டி எடுக்கும்போது தோலும் வரும், அந்த அலறலைக் கேட்டவர்கள் மறுபடி மாவு பூச மாட்டார்கள்.

ஒரே ஒரு தடவை இமயமலைக்கும் போனார். யூத் ஹாஸ்டல் சங்கம் நடத்துகிற மலையேற்றத்தில், கசோலில் இருந்து சர் பாஸ் கணவாய்க்கு. கணவாய் 13,000 அடிக்கு மேல். ஆனால் அக்கா கணவாயைப் பார்க்கவில்லை. கூட வந்த, மொழி தெரியாத ஒரு பெண்ணுக்குத் தலைவலி, வாந்தி. மேலே போகப் போகக் கூடும், கீழே இறங்கினால்தான் சரியாகும் என்று அக்கா அவளோடு இறங்கிவிட்டார். “செலவு செஞ்சு போயிட்டு இப்படிப் பண்ணிட்டீங்களே” என்று கேட்டதற்கு, “மலை அங்கதான இருக்கு” என்றார், அவ்வளவுதான். உயரத்தில் தலைவலி வந்தால் வேறு காரணம் உறுதியாகும் வரை மலைநோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது.

வார்டில் மரணம் நடந்தால் அக்கா செய்கிற காரியங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். உறவினர்களை உள்ளே விடுவதற்கு முன் திரை இழுத்துவிட்டு, குழாய்களை எடுத்து, ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கசியாமல் பஞ்சு வைத்து ஒட்டுவார். மூக்கு, கன்னத்தில் பிளாஸ்டர் பசை கறுப்பாக அப்பியிருக்கும். அதைத் தேங்காய் எண்ணெய் தொட்டு மெல்லத் துடைத்து எடுப்பார். தலை சீவிவிடுவார். “கடைசியா பாக்குற மூஞ்சி பாப்பா, இதத்தான் ஆயுசுக்கும் வச்சிருப்பாங்க.” வெளியே வந்து அவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்துதான் சொல்வார், நின்றுகொண்டு சொல்ல மாட்டார். தைரியமாக இருங்கள் என்ற பேச்சே கிடையாது. யாருக்குப் போன் போடணும், நான் போட்டுத் தரவா என்று கேட்பார்.

2022-இல் காலையில் எழும்போதெல்லாம் அவருக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தன. “மலையே ஏறல, எனக்கு எதுக்கு இந்தத் தலவலி” என்று சிரித்துக்கொண்டே ஸ்கேனுக்குப் போனார். வாழ்நாளில் இல்லாத தலைவலி புதிதாக வந்து, விடிகாலையில் கூடி, வாந்தியோடு சேர்ந்தால் மாத்திரை போட்டுச் சமாளிக்காதீர்கள். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் மதுரையில் நடந்தது. ஒரு வருடம்போல் இருந்தார்.

நோயாளியாகப் படுத்தபோதுதான் அவருக்கு எரிச்சல் வந்து பார்த்தேன். பார்க்க வருகிறவர்கள் அவர் தலைக்கு மேலே மாமாவிடம் பேசினார்கள்: “சாப்பிடுறாங்களா? தூங்குறாங்களா?” அக்கா குழறிய பேச்சிலேயே, “என்கிட்ட கேளுங்க” என்பார். ஆரஞ்சுப் பழப் பைகள் மூலையில் சேர்ந்துகொண்டே போயின. உண்மையில் அங்கே தேவைப்பட்டது, மாமா இரண்டு மணி நேரம் வீட்டுக்குப் போய்க் குளித்துத் தூங்கிவிட்டு வர, பக்கத்தில் உட்கார ஓர் ஆள். நாங்கள் டியூட்டி சார்ட் போட்டு அதைச் செய்தோம். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் பழத்துக்குப் பதில் நேரத்தைக் கொண்டு போகலாம்.

கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஜீப் போகும், ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டலாம் என்று எங்களுக்கு ஆசை. ஜீப்பும் பேசிவிட்டோம். அக்கா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். “அந்த ரோட்டுல இடுப்பு ஒடஞ்சு போயி டீ குடிச்சிட்டு வரணுமா? நீங்க போங்க, நடந்து போங்க.” முன்பணம் திரும்பி வரவில்லை. அதற்கும் சிரித்தார்.

நடந்துதான் போகிறோம். வார்டு நர்ஸுகள் சிலர், ஒரு லேப் டெக்னீஷியன், 108 ஓட்டும் ஒரு அண்ணன். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளோடு மலையேற்றத் திட்டம் தொடங்கியபின் அனுமதி எளிதாகிவிட்டது. ஆன்லைனில் பதிவு, கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி. எங்கள் பக்கம் குரங்கணி – சாம்பலாறு பாதை அதில் இருக்கிறது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீக்காலம் என்று மூடிவிடுகிறார்கள், நல்லது. கடைசியில் நடப்பதை முறைவைத்து மாற்றிக்கொள்கிறோம். அடுத்த தடவை அது 108 அண்ணனின் முறை. வண்டியில் எல்லோரையும் முந்தியே பழகிய மனிதர், இப்போதே புலம்புகிறார். புதிதாக வருகிற சிஸ்டருக்கு முட்டிவலி உண்டு, அவரை வழிகாட்டிக்கு அடுத்து முன்னால் விடுவதாக முடிவாகியிருக்கிறது.